சும்மாத் தட்டு

நான் அக்கா என்று கூப்பிட்ட அவர் வீட்டு வாசற்படிக்கு இரண்டு பக்கமும் இரண்டு தொட்டிகள் இருந்தன. இரண்டிலும் ஒரே செடியிலிருந்து ஒரே நாளில் ஒடித்து நட்ட செம்பருத்திக் குச்சிகள். வலது தொட்டிக்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுவார். இடது தொட்டிக்கு வெறும் குழாய்த் தண்ணீர். வடசென்னைக் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தம்பி குடும்பத்தோடு அவர் குடிவந்தது 1997 ஜூன் மாதம். நான் அவரோடு முதலில் பேசியது ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் குறிப்பேட்டில் இருக்கிறது.

"அந்தச் செடி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுக்கா? அதுக்கும் கொஞ்சம் மீன் தண்ணி ஊத்தக்கூடாதா?" என்று கேட்டேன்.

"ஊத்தக்கூடாது தம்பி. அது சும்மா இருக்கணும். அதான் அதோட வேலை."

"சும்மா இருக்கறது ஒரு வேலையா?"

"நீ கம்பெனியில டைம் ஆபீஸ்ல கீறியாமே. உனக்குத் தெரியாதா?"

நான் ஒரு தொழிற்சாலையில் வருகைப் பதிவு எழுதும் குமாஸ்தா. அந்தத் தொழில் புத்தியோ என்னவோ, தெருவில் நடப்பதையும் தேதி போட்டு எழுதி வைப்பேன். குழாயில் தண்ணீர் வந்த நாள், வராத நாள், யார் வீட்டில் பிறப்பு, யார் வீட்டில் இழவு, என்ன புத்தகம் படித்தேன், எல்லாம். தெருமுனைப் படிப்பகத்தின் கரும்பலகையில் தினமும் காலை செய்தி எழுதும் பொறுப்பும் என்னுடையது. அந்தக் கரும்பலகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் வேலை செய்தது நகரத்துக்குள் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில். பத்தாம் வகுப்புப் படிப்பு. கண்ணாடிப் புட்டி கழுவச் சேர்ந்தவர், இருபது வருஷத்தில் அங்கே செல் வளர்க்கும் ஆளாகிவிட்டார். புற்றுநோய்ச் செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் தட்டுகளில், ரோஜா நிறத் தண்ணீரில், உடம்புச் சூடு மாறாத ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்ப்பார்கள். அந்தத் தண்ணீர்தான் அவற்றுக்குத் தீனி. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும்.

"செல்லுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது" என்பார். தெருவே ஆட்டுக்கறி வாசனையில் இருக்கும்போது அவர் மட்டும் கைப்பையோடு திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு நடப்பார். பொங்கலன்றும் போனார். தம்பி மகள் சடங்கன்றும் காலையில் போய்விட்டுப் பந்திக்குத் திரும்பினார்.

வேலைக்குப் போகும் நாளில் தோசை மாவில் கை வைக்க மாட்டார். மாவைப் புளிக்க வைப்பது எதுவோ அது அவர் செல்களுக்கு எமன். விரலிடுக்கில் துளி ஒட்டியிருந்தாலும் மொத்தத் தட்டும் கலங்கிப்போகுமாம். அவர் தம்பி மனைவி கிரைண்டரில் மாவை வழித்தபடி சத்தமாகச் சொல்வார்: "ஊர்ல இருக்கறவங்க புள்ளைக்காக மாவு தொட மாட்டாங்க, புருசனுக்காகத் தொட மாட்டாங்க. எங்க வூட்ல புத்துநோய்க்காகத் தொட மாட்டாங்க."

"அதுவும் வளக்கற புள்ளைதானே" என்பார் இவர்.

ஒருமுறை என் மனைவி, "சீக்கு பிடிச்ச செல்லைப் போய் சோறூட்டி வளக்கறியேக்கா, யாரோடது அது?" என்று கேட்டாள்.

"புராஸ்டேட்டுனு ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி கீது. அதுல வர்ற புத்து. வெளிநாட்டுல யாரோ ஒரு ஆளு, அவரு எலும்பு வரைக்கும் பரவிப்போய் அங்கேர்ந்து எடுத்ததாம். அவரு போய்ச் சேந்து எவ்ளோ வருசமாச்சோ. செல்லு இன்னும் பசிக்குது பசிக்குதுன்னுகினு கீது."

அந்தச் செல்கள் மேல்தான் செடிகொடிகளிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களைப் போட்டுப் பார்ப்பார்கள். எத்தனை தட்டுக்குப் பொருளைப் போட்டாலும், பக்கத்தில் ஒரு வரிசைக்குப் போடாமல் வைப்பார்கள். அதற்குச் சும்மாத் தட்டு என்று பெயர் வைத்திருந்தார். "சும்மான்னா ஒண்ணுமே ஊத்தாம இல்ல தம்பி. மருந்தைக் கரைக்கற தண்ணி கீதே, அதை மட்டும் அதுக்கும் அதே அளவு ஊத்தணும். இல்லாட்டி மருந்து கொன்னுதா, தண்ணி கொன்னுதான்னு எப்படித் தெரியும்?" ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் அவசரத்தில் சும்மாத் தட்டை மறந்துவிட்டு, வாரக் கடைசியில் தலையில் கை வைப்பார்களாம். இவர் கேளாமலே ஒன்றைப் போட்டு வைத்திருப்பார்.

ஆய்வுக்கூடத்தோடு நின்றிருந்தால் இதைத் தொழில் பழக்கம் என்று விட்டுவிடலாம். அவருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சும்மாத் தட்டு வேண்டும். புது மிளகாய்த்தூள் வாங்கினால் சின்னச் சட்டியில் பழைய தூளில் தனியாகக் கொஞ்சம் குழம்பு வைப்பார். கொசுவர்த்தியை ஓர் அறையில் ஏற்றிவிட்டு மறு அறையில் ஏற்றாமல் படுத்து, காலையில் இரண்டு அறைக்காரர்களின் கைகால்களையும் பார்ப்பார். எதிர்வீட்டுக் குழந்தைக்கு மந்திரித்த கயிறு கட்டி ஜுரம் இறங்கியபோது, "கயிறு கட்டாத அடுத்த வூட்டுப் புள்ளைக்கும் நேத்தே இறங்கிடுச்சே" என்று சொல்லி, அந்தக் குழந்தையின் ஆயாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றடித்தால் எங்கள் தெருவில் காயப்போட்ட துணியில் சாம்பல் படியும். 1999 மார்ச்சில் ஓர் அதிகாரி பார்க்க வந்தார். "இது உங்க சமையல் புகையா இருக்கும்மா" என்றார். இவர் உள்ளே போய் மூன்று வெள்ளைக் கைக்குட்டைகளை எடுத்து வந்தார். ஒரே கடையில் வாங்கியவை.

"சார், இது மொட்டை மாடியில ஒரு வாரம் கெடந்தது. இது அடுப்புக்கு மேல ஒரு வாரம் தொங்கினது. இது பொட்டிக்குள்ள சும்மா இருந்தது."

அதிகாரி மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகும் சாம்பல் விழத்தான் செய்தது. ஆனால் சமையல் புகை என்று யாரும் சொல்லவில்லை.

அவரிடம் நான் அதிகம் கேட்ட சொல் "தெரியாது". வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லும் தெரியாது அல்ல. கடைக்காரர் "அந்தச் சரக்கு இல்லை" என்பாரே, அந்த மாதிரி. தாம் பார்த்ததைச் சொல்வார். பார்க்காததற்கு இந்தச் சொல்.

இனி கரும்பலகை.

2003 ஆகஸ்டில் ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் சின்னச் செய்தி வந்தது. வெங்காயத்தில், அதிலும் அதன் தோலில், உள்ள ஒரு பொருள், சோதனைத் தட்டில் வளர்த்த புராஸ்டேட் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தடுப்பதாகத் தெரிகிறது என்று. ஆய்வு நடந்த இடம் அவருடைய ஆய்வுக்கூடம். எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அச்சடித்த காகிதத்தில் எங்கள் தெரு வந்துவிட்டது போலிருந்தது. சாக்பீஸை எடுத்து எழுதினேன்: "நம் தெரு அக்காவின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிப்பு. புராஸ்டேட் புற்றுநோயைக் கொல்கிறது வெங்காயத் தோல்!"

சோதனைத் தட்டு என்பதை விட்டுவிட்டேன். இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தேதிக்கு இடமிருந்தது. வலது மூலையில், கிழமையோடு.

மாலை ஆறு மணிக்கு அவர் ரயிலிறங்கி வந்தார். பலகைக்கு முன்னால் நின்று ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார். என்னிடம் சாக்பீஸ் கேட்டு வாங்கி, "புற்றுநோயை" என்பதை அழித்து, "தட்டில் இருந்த செல்லை" என்று நெருக்கி எழுதினார். கை தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"காலையிலேர்ந்து இதை எத்தினி பேர் படிச்சிருப்பாங்க?"

"யாருக்குக்கா தெரியும்?"

"டைம் ஆபீஸ்காரன்தானே. கையெழுத்து வாங்கியிருக்க வேண்டாமா?"

படித்தவர்களில் ஒருவர் என் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து, எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளித் தனியாக இருந்தார். அந்த ஆகஸ்டுக்குச் சில வாரம் முன்புதான், இடுப்பு வலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, புராஸ்டேட்டில் புற்று, எலும்பைத் தொட்டுவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். விதைப்பையில் இருக்கும் இரண்டு விதைகளையும் அறுவை செய்து எடுத்துவிட வேண்டும், புதன்கிழமை வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்று நாளும் குறித்தார்கள். நான் பலகையில் எழுதிய பிறகு அந்தப் புதன் வந்தது. "டாக்டரு தேதியத் தள்ளிப் போட்டுட்டாரு" என்றார் மச்சான். நாங்கள் நம்பினோம்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் பழைய சிநேகிதர்கள் அவருக்கு உண்டு. வெங்காய மூட்டை இறங்கும் நாட்களில் உதிர்ந்து கிடக்கும் தோலைச் சாக்கில் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். அவர் வீட்டு ஜன்னலிலிருந்து ரோஜா நிறச் சருகு பறந்து தெரு முழுக்கப் புரண்டது. கேட்டால் செடிக்கு எரு என்றார். அவர் வீட்டில் செடி இல்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் என் மனைவி ஆஸ்பத்திரிக்கே போய் விசாரித்தாள். அவர் வரவேயில்லை என்றார்கள். திரும்பி வந்தவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள். "உன் வூட்டுக்காரர்தானே போர்டுல எழுதினாரு?" என்று அவர் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அவள் பேசாமலிருந்த நான்காம் நாள் ஞாயிறு. செல்லுக்குத் தீனி மாற்றிவிட்டு மதியம் திரும்பிய அக்காவை ஸ்டேஷன் வாசலிலேயே பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நடங்க" என்று மட்டும் சொன்னார். என்னை அவர் நீங்க என்று சொன்னது அன்று மட்டும்தான்.

மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பானை கொதித்தது. வீடே பழைய கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை மாதிரி நாறியது. என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள்.

"வா தங்கச்சி. உன் மருந்துதான் கொதிக்குது" என்றார் மச்சான்.

"நான் எப்போண்ணா குடுத்தேன்?"

"அத்த வுடு. செத்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"செத்துச்சு" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுக்கோ மாப்ளே."

"ஸ்பிரிட்டு ஊத்தினாலும் சாவும்ண்ணா. உப்பு கூடினாலும் சாவும். நான் பொட்டிக் கதவைச் சரியா மூடலன்னாலும் சாவும். தட்டுல கெடக்கறதைச் சாவடிக்கறது பெரிய வித்தையா? இந்தத் தோல் தண்ணி உன் வயித்தைத் தாண்டி எவ்ளோ போவுது, எலும்பு வரைக்கும் போய்ச் சேருதா, ஒண்ணும் தெரியாது. இனிமேதான் பாக்கணும்னு எங்க பெரிய சாரே சொல்லிகினு கீறாரு."

"அவரு மெதுவா பாக்கட்டும். எனக்கு இப்பவே வலி கொறஞ்சிடுச்சு."

"எப்போலேர்ந்து?"

"பத்து நாளா."

"சரக்கு?"

"விட்டுட்டேன். அதுமேல இத்த ஊத்தினா எடுபடாதே."

"வலி மாத்திரை?"

"அது ஆஸ்பத்திரியில குடுத்தது. வேளைக்கு ஒண்ணு."

"அதையும் போட்டுகினுதான் கீறியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவோரம் நின்ற என் மனைவிக்கும். "சரி. மாத்திரை போடற. சரக்கு இல்ல. சொம்பு சொம்பா சுடுதண்ணி உள்ள போவுது. இதுல வலியைக் கொறைச்சது எது?"

"எதா இருந்தா இன்னா?"

"இந்தத் தோல் தண்ணியக் குடிக்காத இன்னொரு நீ எங்கண்ணா? அவனுக்கு வலி கொறஞ்சுதா, கூடுச்சா? அவனைக் கொண்டாந்து பக்கத்துல உக்கார வை. பாத்துட்டு நானே அடுப்பைப் பத்த வெக்கறேன். உனக்குச் சும்மாத் தட்டு கெடையாது. நீ ஒரே ஆளு."

மச்சான் தங்கையைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய போம்மா" என்றார். அவள் போனதும் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கப்பல்ல எத்தினி டன் தூக்கியிருப்பேன். ஒருத்தன் என்னைப் பாத்து ஒரு பேச்சு பேசினதில்ல. இப்ப ஆம்பளையா உள்ள போயி, வெளிய வரும்போது இன்னாவா வர்றது? தெருவுல இன்னான்னு சொல்லுவானுங்க?"

ஆக, வெங்காயம் அதற்குத்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்கு உள்ளே நுழையும்போதே புரிந்திருக்க வேண்டும். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைப் பற்றியே சொன்னார்.

"எங்க லேப்புல இந்தச் செல்லுல ரெண்டு ரகம் கீதுண்ணா. ஒண்ணு எதைப் போட்டாலும் துன்னும். இன்னொண்ணுக்கு ஆம்பளைச் சுரப்பு வேணும். தீனியிலேர்ந்து அதை மட்டும் வடிச்சு எடுத்துட்டா வளராது, அப்படியே சுருண்டு கெடக்கும். நானே எத்தினியோ தட்டுல பாத்துட்டேன். இது தட்டோட நின்ன விசயமும் இல்ல. ஆளுங்ககிட்ட பாத்தது, நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து பாத்துகினு வர்றது. டாக்டரு அதோட சோத்தை நிறுத்தணும்ன்றாரு. அந்தச் சுரப்பு ஊறற எடம் விதைதான், அது சோறு வாங்கற எடம் அதான். நீ ஒரு கையில தோல் தண்ணியக் குடிச்சிகினு, இன்னொரு கையில அதுக்கு மூணு வேளை சோறு போட்டுகினு கீற."

பானை கொதித்து வழிந்தது. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

"எடுத்துட்டா எல்லாம் பூடுமா?" என்று கேட்டார் மச்சான்.

"பூடாது. அடங்கிக் கெடக்கும்."

"எத்தினி நாளு?"

"தெரியாதுண்ணா."

விந்தை என்னவென்றால், அந்தத் தெரியாதுதான் மச்சானை அசைத்தது. வேறு யார் வந்தாலும் ஏதாவது ஒரு கணக்கைச் சொல்லியிருப்பார்கள். மச்சான் கேட்டார்: "புதன்கிழமை நீ கூட வர்றியா?"

"வர்றேன்."

புதன்கிழமை தீனி மாற்றும் நாள். என் மனைவியோடு வார்டு வராந்தாவில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். இந்தத் தெருவில் அவர் இருந்த பன்னிரண்டு வருஷத்தில், முறை நாளில் அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போகாதது என் குறிப்பேட்டில் அந்த ஒரு நாள்தான்.

மச்சான் வீடு திரும்பிய பிறகு, "அந்த ஒரு சாக்குத் தோல் மீந்து கீதே தங்கச்சி, இன்னா பண்றது?" என்று கேட்டார். அக்கா வாங்கிப் போனார். அடுத்த வாரம் வாசலில் மூன்றாவதாக ஒரு தொட்டி வந்தது. அதற்கு வெங்காயத் தோல் ஊறிய தண்ணீர். இடது பக்கத் தொட்டிக்கு வழக்கம்போல வெறும் தண்ணீர். மச்சான் தினமும் அந்த வழியாக நடக்கும்போது நின்று மூன்றையும் பார்ப்பார். "இன்னா தங்கச்சி, நம்ம ஆளு இன்னும் மொட்டு வுடலியே?" என்பார். தெரு அவரை ஒரு பேச்சும் பேசவில்லை. பேசுவதற்கு அவர் யாரையும் விடவும் இல்லை.

நான்கரை வருஷம் இருந்தார். 2008 பிப்ரவரியில் போனார். கடைசி ஐந்து மாதம் கஷ்டப்பட்டார். அதற்கு முன்னால் நான்கு வருஷம் காசிமேட்டுக்குத் தானே போய் மீன் வாங்கி வந்தார். அக்காதான் காப்பாற்றினார் என்று எழுதப் போகிறேன் என அக்காவிடமே ஒருமுறை சொன்னேன். "ஆபரேசன் பண்ணிக்காத உன் மச்சான் எத்தினி வருசம் இருந்திருப்பாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்போ எழுதாதே." நான் எழுதவில்லை.

2009இல் ஓய்வு பெற்று, தம்பி குடும்பத்தோடு மீஞ்சூர்ப் பக்கம் போய்விட்டார். அதன்பின் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்தது மச்சானை எடுத்த நாளைப் பற்றி.

சாமியானாவுக்குக் கீழே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தப்பு மேளம் ஓய்ந்து ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம். என் மனைவி அழுது ஓய்ந்து அவர் தோளில் சாய்ந்திருந்தாள். திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்.

"யக்கா. அந்த மூணு வாரம் வீணாப் போச்சே. அன்னிக்கே போய்ப் படுத்திருந்தா அண்ணன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்குமா?"

சுற்றியிருந்தவர்களுக்கு அது சாதாரணப் புலம்பல். எனக்கு அப்படி இல்லை. நாலரை வருஷமாக நான் என்னையே கேட்டுக்கொண்டு, அவரிடம் மட்டும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காக, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இல்லம்மா" என்றார் அவர். "அந்த மூணு வாரத்தால ஒண்ணும் ஆவல. எனக்குத் தெரியும்."

என் மனைவி மறுபடி தோளில் சாய்ந்தாள். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நான் அவர் வாசலுக்குப் போனேன். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இடது பக்கத் தொட்டிக்கு வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நேத்து நீங்க சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

சொம்பைத் திண்டில் கவிழ்த்து வைத்தார்.

"ரயிலுக்கு நேரமாச்சு தம்பி" என்றார்.